யந்திரம் அறியவேண்டிய தமிழ்

சாஸ்திரப் பதங்களைத் தமிழில் ஆக்கவேண்டுமென்று 1916-ம் வருஷத்தில் ராஜாஜி முதலியோர் சேலத்தில் ஒரு சங்கம் கண்டனர். மாணாக்கன் தாய்மொழியில் சாஸ்திரம் கற்கவேண்டும் என்பது அவர்கள் நோக்கம். இன்று யந்திரத்துக்கும் அப்பதங்களைக் கற்பிக்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

யந்திரத்துக்கு வெறும் அகராதி போதாது. டிரம் பிரேக் என்பது பிரேக்கில் ஒரு வகை; பிரேக் ஷூ அதன் உறுப்பு; நம் மெக்கானிக் ‘பிரேக் கட்டை’ என்பதும் அதையே. இச்சம்பந்தங்களையும் எழுதிவைத்தால்தான் கம்ப்யூட்டர் பொருளுணரும். அவ்வாறு எழுதும் முறையொன்றை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2004-லேயே வகுத்துவிட்டது.

ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸ்ஸான் கார் ஆலையும், 2012-ல் டெய்ம்லர் லாரி ஆலையும் திறக்கப்பட்டன. இத்தகைய தொழிற்பேட்டையில் தொழிலாளியின் பேச்சில் ஒரு சொல்லும் என்ஜினீயரின் ஏட்டில் வேறொரு சொல்லும் வழங்குவது இயல்பே. ஏட்டுச் சொல்லை மட்டும் அறிந்த கம்ப்யூட்டர் எச்சரிக்கை விடுக்குமானால், அது விளங்காமல் விரலை இழப்பவன் தொழிலாளியல்லவா?

சர்க்கார் ‘சொற்குவை’யில் கலைச்சொற்களைத் திரட்டியிருப்பது போற்றத்தக்கதே. ஆயினும் இது பண்டிதர்கள் மட்டும் அறையிலமர்ந்து முடிக்கும் காரியமன்று. தொழிலாளியையும் உடனமர்த்தி, வழங்கும் சொல்லைத் தள்ளாமல், ஒவ்வொன்றின் உறவையும் குறிக்கவேண்டும். அப்பணியை ஒரகடத்திலேயே தொடங்குமாறு சர்க்காரையும் ஆலை முதலாளிகளையும் வற்புறுத்துகிறோம்.