கோல்ஃப் பழக எந்த மைதானம் நல்லது?

கோல்ஃப் பழக நினைப்பவர்கள் பலரும் முதலில் தேடுவது பெயர் பெற்ற மைதானத்தைத்தான். அங்கேதான் தவறு தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில், 18 குழிகள் கொண்ட புகழ்பெற்ற ஓல்ட் கோர்ஸில் ஆட ஹேண்டிகேப் சான்று கேட்பார்கள். அதே ஊரில் புதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் ஏற்றதாக 9 குழிகளோடு பால்கோவ் மைதானம் இருக்கிறது. கோல்ஃபின் தாயகத்திலேயே இப்படி என்றால், சின்ன மைதானத்தில் பழகுவதில் மற்றவர்களுக்கு என்ன கௌரவக் குறைச்சல்?

18 குழி ஆட நாலு மணி நேரமாவது ஆகும். பின்னால் வருகிறவர்கள் காத்திருக்கிறார்களே என்று பதறி அடித்தால் பந்து எங்கேயோ போகும். விளையாட்டின் மேல் இருந்த ஆசையும் கூடவே போய்விடும்.

ஆகவே 9 குழி, குறைந்த தூரம், பயிற்சித் திடல், வாடகைக்கு மட்டை, கட்டுப்படியாகும் கட்டணம், இவை உள்ளூரில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.