வானத்தின் பெயரால் பொய்ச்சாட்சி வேண்டாம்



ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஒரு படம் விசுவாசிகளிடையே வலம் வருகிறது. நடுவில் நீலமும் விளிம்பில் செந்நிறமுமாய், இமை திறந்த பெருங்கண் போலத் தோன்றும் படம் அது. இது தேவனுடைய கண் என்றும், 3000 ஆண்டுகளுக்கு ஒருமுறையே தோன்றும் என்றும், கண்டவர்கள் பிறருக்கும் அனுப்ப வேண்டும் என்றும் ஒரு குறிப்பு அதனோடு வரும். அன்று மின்னஞ்சலில் வந்தது. இன்று வாட்ஸ்அப்பில் வருகிறது. நாமும் "ஆமென்" என்று எழுதி அடுத்தவருக்கு அனுப்பிவிடுகிறோம்.

அது ஹீலிக்ஸ் நெபுலா. கும்ப விண்மீன் குழுவில், ஏறத்தாழ 650 ஒளியாண்டுத் தொலைவில், சூரியனைப் போன்றதொரு விண்மீன் தன் முடிவுக்காலத்தில் வெளியே தள்ளிய வாயுக்கள் அங்கே ஒளிர்கின்றன. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியும் அமெரிக்காவின் கிட் பீக் ஆய்வகத் தொலைநோக்கியும் எடுத்த படங்களை இணைத்து, 2003 மே மாதம் அப்படம் வெளியிடப்பட்டது. அந்த நெபுலா எங்கிருந்தோ திடீரென வந்து மறைவதன்று; ஆண்டுதோறும் அதே இடத்திலேயே இருக்கிறது. சிலியிலும் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கிலும் உள்ள தொலைநோக்கிகளை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்தே இணையவழியில் இயக்கி அதைப் படம்பிடிக்கும் ஆர்வலர்கள் இன்று பலர். 3000 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை; மேகமற்ற சில இரவுகள் போதும்.

மறுபுறம், இந்நிறங்கள் யாவும் கணினியில் பூசிய பொய் என்று ஒரே வீச்சில் தள்ளிவிடுவோரும் நம்மிடையே உண்டு. அதுவும் நீதியன்று. மங்கிய ஒளியில் நம் கண்ணால் நிறம் பிரித்தறிய இயலாது. ஆகவே பெரும்பாலான நெபுலாக்கள் தொலைநோக்கியின் வழியே நேரில் பார்ப்பவருக்குச் சாம்பல் நிறப் புகைபோலவே தெரியும். கேமராவோ மணிக்கணக்கில் ஒளியைச் சேர்க்கிறது. ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு ஒன்று, கந்தகத்துக்கு ஒன்று என வடிகட்டிகளை மாற்றி, தனித்தனியே கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்து, பின்னர் அவற்றுக்கு நிறம் அளித்து இணைக்கிறார்கள். ஹைட்ரஜனும் கந்தகமும் இயல்பில் சிவப்பாகவே ஒளிர்வதால், இரண்டையும் பிரித்துக் காட்டும்பொருட்டு ஹைட்ரஜனுக்குப் பச்சை நிறம் தருவதும் உண்டு. 1995-இல் ஹப்பிள் எடுத்த புகழ்பெற்ற "சிருஷ்டிப்பின் தூண்கள்" படம் அவ்வாறே உருவானது. நிறம் தெரிவு செய்யப்பட்டது, ஒளியோ மெய்யானது.

நேர்மையான படப்பிடிப்பாளர் தம் படத்தின் கீழே எந்தத் தொலைநோக்கி, எந்த வடிகட்டி, எத்தனை மணி நேரம், எந்த வாயுவுக்கு எந்த நிறம் என்று எழுதிவைக்கிறார். தாம் கண்டது எது, தாம் சேர்த்தது எது என்பதை அவர் மறைப்பதில்லை. தேவநாமத்தைத் தரித்த நாமோ, காணாததைக் கண்டதாகச் சொல்லி, யார் சொன்னார் என்றும் கேளாமல் பரப்புகிறோம். இவ்விருவரில் சாட்சியின் இலக்கணம் அறிந்தவர் யார்?

தேவநாமம் மகிமைப்பட்டால் போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் கட்டளை, நல்நோக்கத்தோடு சொல்லும் பொய்க்கு விலக்கு அளிக்கவில்லை. மேலும், நம் பிள்ளைகள் அதே கைப்பேசியில் ஒரு நிமிடத்தில் உண்மையைத் தேடிக் கண்டுகொள்வார்கள். வானத்தைக் குறித்து நாம் சொன்னது பொய்யென்று அறிந்தபின், திறந்த கல்லறையைக் குறித்து நாம் சொல்வதை அவர்கள் எந்தச் செவியால் கேட்பார்கள்? ஒரு படத்தால் இழப்பது படத்தை மட்டுமல்ல.

ஆகையால் பிரியமானவர்களே, அடுத்தமுறை அப்படம் உங்களிடம் வந்தால் அழிக்க வேண்டாம்; குறிப்பை மட்டும் திருத்தி அனுப்புங்கள். அதன் பெயரையும், தொலைவையும், அது ஒரு விண்மீனின் மரணம் என்பதையும் எழுதுங்கள். மெய்யான வானமே வியப்புக்குப் போதுமானது. சிருஷ்டிகருக்கு நம் பொய்களின் உதவி தேவையில்லை.

சத்தியத்தின் தேவன் நம் நாவையும் விரல்களையும் காப்பாராக. ஆமென்.