கணக்குக் கேட்கும் வயது

ஜனவரி 25, தேசிய வாக்காளர் தினம். அன்று தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மாணவர்கள் வரிசையாக நின்று, வலது கையை நீட்டி உறுதிமொழி எடுக்கிறார்கள். மதம், சாதி, மொழி என எந்தத் தூண்டுதலுக்கும் ஆட்படாமல் வாக்களிப்போம் என்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அந்த உறுதிமொழி, ஓட்டுக்குப் பணம் வாங்குகிற கையை மட்டுமே பார்த்துப் பேசுகிறது. கொடுக்கிற கைக்குப் பணம் எங்கிருந்து வந்தது, போட்ட பணத்தைப் பதவிக்கு வந்தபின் எப்படி எடுக்கிறார்கள் என்று கேட்க மாணவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. ஐநூறு ரூபாய்க் கவரை வாங்கும் கூலித் தொழிலாளிக்குப் புத்தி சொல்வது சுலபம். அந்தக் கவர்களுக்காகக் கோடிகளை இறக்கியவரிடம் கணக்குக் கேட்பதுதான் மாணவர்கள் செய்ய வேண்டிய அரசியல்.

நம் மாநிலத்துக்கு இதில் நீண்ட வரலாறு உண்டு. 2009 ஜனவரியில் திருமங்கலத்தில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு, ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் முறைக்குத் 'திருமங்கலம் ஃபார்முலா' என்ற பெயரே நாடெங்கும் பரவியது. 2016இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் நிறுத்தப்பட்டது. நவம்பரில் மறுபடி நடந்தபோது இரண்டு பெரிய கட்சிகளும் அதே வேட்பாளர்களையே நிறுத்தின. 2019 ஏப்ரலில் வேலூர் மக்களவைத் தேர்தலே ரத்தாகி ஆகஸ்டில் நடந்தது. தேர்தலைத் தள்ளிவைப்பதால் பணம் பயந்துவிடவில்லை. சில மாதம் காத்திருந்தது, அவ்வளவுதான்.

2017ஆம் ஆண்டை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அந்த ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் திரண்ட மாணவர்கள் அரசியல் கட்சிகளைப் பக்கத்திலேயே அண்டவிடவில்லை. சோறும் தண்ணீரும் பொதுமக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். பணம் கொடுத்து அழைத்து வராத கூட்டம் எப்படி இருக்கும் என்பதை ஒரு தலைமுறை கண்ணால் கண்டது. அதே சென்னையில், மூன்றே மாதத்தில், பண வெள்ளத்தால் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. கடற்கரையில் நின்ற அந்த ஆற்றல் வட சென்னையின் தெருக்களுக்குப் போயிருந்தால் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

கவரில் வரும் நோட்டு ஆற்றின் கடைமடை. தலைமடை வேறெங்கோ இருக்கிறது. கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நன்கொடை கொடுக்க உதவிய தேர்தல் பத்திரத் திட்டம் அரசமைப்புக்கு முரணானது என்று 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது வெளியே வந்தது. சுமார் 6,000 கோடி ரூபாய் பெற்று பாஜக முதலிடத்தில் இருந்தது. பத்திரம் வாங்கியவர்களில் முதலிடம் கோவையில் இயங்கும் லாட்டரி நிறுவனத்துக்கு. 1,368 கோடி ரூபாய். அதில் 500 கோடிக்கு மேல் திமுகவுக்குப் போனது. 2003 முதல் லாட்டரியைத் தடை செய்திருக்கும் மாநிலம் நம்முடையது. கட்சி வேறுபாடு இல்லாமல் இந்தப் பட்டியலைப் படிக்கக் கூடியவர்கள் வகுப்பறையில் இருக்கும் இளைஞர்கள்தான். அவர்களுக்குக் காக்க வேண்டிய பதவி எதுவும் இல்லை.

தேர்தல் பத்திர வழக்கைத் தொடுத்த அமைப்புகளில் முக்கியமானது ஏடிஆர் என்கிற ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம். 1999இல் அகமதாபாத் ஐஐஎம் பேராசிரியர்கள் திரிலோசன் சாஸ்திரி, ஜெகதீப் சோக்கர் உள்ளிட்டோர் தொடங்கியது. இன்று ஒவ்வொரு வேட்பாளரும் சொத்து, கடன், குற்ற வழக்கு விவரங்களைப் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தருவதற்குக் காரணம் அவர்கள் நடத்திய வழக்கு. ஒரு கல்விக்கூடத்தில் பிறந்த கேள்வி நாட்டின் தேர்தல் முறையையே அசைத்திருக்கிறது. அந்த வேலையை நம் கல்லூரிகள் ஏன் தொடரக் கூடாது?

வழி சட்டத்திலேயே இருக்கிறது. பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம், மக்களவை வேட்பாளர் 95 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று 2022இல் வரம்பு வைத்தார்கள். முடிவு வெளியான 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு ரூபாய் கட்டணம் செலுத்தி அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று 1961ஆம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள் சொல்கின்றன. ஒரு கல்லூரி தன் தொகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். பிரசாரக் காலத்தில் எத்தனை வாகனம், எத்தனை மேடை, எத்தனை பிளெக்ஸ், எத்தனை பேருக்குப் பிரியாணி என்று தேதி, இடம், புகைப்படத்தோடு மாணவர்கள் குறித்து வைக்கட்டும். பிறகு கலெக்டர் அலுவலகத்துக்குப் போய், வேட்பாளர் காட்டிய கணக்கை அதன் அருகில் வைத்துப் பார்க்கட்டும். வணிகவியல் மாணவருக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடையாது.

இரவில் கொடுக்கும் பணம் கணக்கில் வராதே என்று கேட்பீர்கள். வராதுதான். ஆனால் ஊரே பார்த்த செலவுக்கும் தாளில் எழுதிய செலவுக்கும் உள்ள இடைவெளியை ஊர் முன்னால் வைத்தால் பொய் பொய்யாகத் தெரியும். வேட்பாளருக்கு வரம்பு வைத்த சட்டம் கட்சியின் செலவுக்கு வரம்பே வைக்கவில்லை என்பதும் அப்போது எல்லோருக்கும் உறைக்கும். அந்த ஓட்டையை அடைக்கச் சொல்லும் போராட்டத்துக்கு இந்தப் புள்ளிவிவரம்தான் அடித்தளம்.

கேட்பவர்கள் தாங்களும் சுத்தமாக இருக்க வேண்டும். 2006இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற லிங்டோ குழுவின் பரிந்துரைப்படி, மாணவர் பேரவைத் தேர்தலில் ஒரு வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்கக் கூடாது. அச்சடித்த சுவரொட்டி கூடாது, கையால் எழுதியது மட்டுமே. 2024இல் டெல்லிப் பல்கலைக்கழக மாணவர்கள் இதை மதிக்கவில்லை. சுவர்களைச் சுத்தம் செய்யும்வரை வாக்கு எண்ணிக்கை கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் நிறுத்தியது. செப்டம்பரில் போட்ட ஓட்டை நவம்பர் கடைசியில்தான் எண்ணினார்கள். அதே நகரில் ஜேஎன்யு எனப்படும் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர்கள் பல பத்தாண்டுகளாகத் தேர்தல் ஆணையத்தைத் தங்களுக்குள்ளேயே அமைத்து, கையால் எழுதிய சுவரொட்டிகளோடும் நள்ளிரவு தாண்டும் தலைவர் வேட்பாளர் விவாதத்தோடும் தேர்தல் நடத்துகிறார்கள். அங்கே வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதில் பேச்சுக்கு இருக்கும் இடம் பணத்துக்கு இல்லை. அவர்களுடைய கொள்கைகளோடு முரண்படலாம். செலவில்லாமல் தேர்தல் நடத்த முடியும் என்று அவர்கள் காட்டியதை மறுக்க முடியாது.

தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளில் பேரவைத் தேர்தலே இல்லை. பல தனியார் கல்லூரிகளின் நிறுவனர்கள் கட்சிக்காரர்கள். அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் துணிந்து நில்லுங்கள் என்று தனியாகச் சொல்வது நியாயமில்லை. முதல் அடியை எடுத்து வைக்க வேண்டியவர்கள் அரசுக் கல்லூரி ஆசிரியர்களும் முதல்வர்களும்தான். லிங்டோ விதிகளின்படி பேரவைத் தேர்தலை நடத்துங்கள். செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். தன் வகுப்புத் தோழனிடம் ஐயாயிரத்துக்குக் கணக்குக் கேட்டுப் பழகிய பெண், நாளை தன் சட்டமன்ற உறுப்பினரிடம் நாற்பது லட்சத்துக்குக் கணக்குக் கேட்கத் தயங்க மாட்டாள்.