வாணாள் எண்ணெய் யாருடைய வாணாளுக்கு?

தஞ்சைக்கும் குடந்தைக்கும் இடைப்பட்ட நெடுஞ்சாலையில், குடமுருட்டி பாயும் நெல்வயல்களின் நடுவே அமைந்துள்ளது பாபநாசம். அறுவடைப் பொறியொன்று சேற்றில் நின்றுவிட்டால், அதன் பல்லிணைப் பெட்டியை வரப்போரத்திலேயே பிரித்து, தேய்ந்த தாங்கியை மாற்றி, பொழுது சாய்வதற்குள் மீண்டும் ஓடச் செய்யும் கம்மியர் அவ்வூர்ப் பக்கத்தில் உளர். கியர்ப்பெட்டி என்றே அவர் வாயில் வழங்கும். ஆயினும் நோய் சொல்லும்போது வருவது தூய தமிழே. "பல் தேய்ந்துவிட்டது, மரை கழன்றுவிட்டது, அச்சு ஆடுகிறது" என்பர். ஏற்றமும் செக்கும் தேரும் இயக்கிய நிலத்தில் இச்சொற்கள் பிறந்ததில் வியப்பென்ன?

அத்தகைய கம்மியரின் பட்டறை முன் ஓர் ஐரோப்பிய மகிழுந்து வந்து நின்றால் மட்டும் அவர் கையைப் பிசைந்து நிற்கின்றார். "திருச்சிக்கு ஏற்றி அனுப்புங்கள், இல்லையேல் சென்னைக்கு" என்கின்றார். இதற்குக் கரணியம் அவரது அறியாமை என்று நகரத்து விற்பனையாளர் கூறுவர். படித்தவரும் அதனை நம்புவர். அது பொய். கரணியம் பூட்டு! அப் பூட்டைச் செய்தவர் யார், அதற்குத் துணைநின்றவர் யார் என்பதைத் தமிழ்மக்கள் அறிதல் வேண்டும்.

ஐரோப்பிய வண்டி தமிழ்நாட்டுப் பட்டறைக்குப் புதிதன்று. 1950களின் இறுதி தொடங்கி 2014 வரை இந்தியச் சாலைகளுக்கு வந்துகொண்டிருந்த அம்பாசடர், ஆங்கிலேயரின் மோரிசு ஆக்சுபோர்டு வண்டியின் வழிவந்தது. பிரிமியர் பத்மினி, இத்தாலியரின் பியட்டு. சென்னையில் 1961 முதல் உருவான சுடாண்டர்டு எரால்டும் ஆங்கில வடிவே. இவற்றின் பல்லிணைப் பெட்டிகளைப் பிரித்து மாட்டாத பட்டறை சோழநாட்டில் இருந்ததா? எரால்டு வண்டியின் முதற் பல்லிணையில் ஒத்தியங்கு வளையம் இல்லை. ஆதலின், உரசிணைப்பியை இருமுறை மிதித்துப் பல் ஒலியாமற் கோக்கும் நுட்பத்தை, எந்தக் கல்லூரிக்கும் போகாத ஓட்டுநர் காலறிவாகவே கற்றிருந்தனர். அன்று வண்டியோடு பூட்டு வரவில்லை. உறுப்பு கிடைத்தது, கிடைக்காவிடில் கடைசல் பட்டறையில் செய்துகொள்ளவும் முடிந்தது.

இன்று வருவன வேறு. தானியங்கிப் பல்லிணைப் பெட்டியுள் நடுவே ஞாயிறு போல் ஒரு பல்லாழி. அதனைச் சுற்றிக் கோள்கள் போற் சிறு பல்லாழிகள். அவற்றை வளைத்து உட்பல் கொண்ட வளையம். இவற்றுள் ஒன்றைப் பிடித்து ஒன்றைவிட்டால் ஒரு விரைவு. பிடியை மாற்றினால் மற்றொரு விரைவு. பிடிப்பதும் விடுவதும் எண்ணெய் அழுத்தத்தால். எப்போது பிடிப்பதென ஆணையிடுவது சிறு கணிப்பொறி. இரட்டை உரசிணைப்பிப் பெட்டியிலோ, ஒன்று மூன்று ஐந்து எனும் ஒற்றைப்படைப் பல்லிணைகளை ஓர் உரசிணைப்பியும் இரட்டைப்படைப் பல்லிணைகளை மற்றொன்றும் ஆளும். ஒன்று இயங்கும்போதே அடுத்தது ஆயத்தமாய் நிற்கும். நன்கு விளக்கினால் பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கும் அமைப்பே இது, மந்திரமன்று.

இங்குத்தான் முதற் புரட்டு. இப் பெட்டியில் ஊற்றிய எண்ணெய் "வாணாள் எண்ணெய்". மாற்ற வேண்டுவதே இல்லை என்று வண்டியாக்குநர் பலர் சொல்லி விற்றனர். அளவு பார்க்கும் கோலையும் எடுத்துவிட்டனர். கோல் இல்லையேல் உடையவன் பாரான், பாராதவன் கேளான்! யாருடைய வாணாள் அது? வண்டியின் வாணாளா? உறுதிக்காலம் முடியும் வரையா? அன்றி, முதல் உடைமையாளர் விற்றுவிட்டுப் போகும் வரையா?

அப் பெட்டிகளைச் செய்பவரையே கேட்போர்க்கு வேறு விடை கிடைக்கும். செருமனியின் பிரீட்ரிக்சாபன் நகரில், செப்பலின் வான்கப்பல்களுக்குப் பல்லாழி செய்ய 1915இல் தொடங்கிய இசட்.எஃப். நிறுவனம் இன்று உலகின் பெரிய பல்லிணைப் பெட்டி ஆக்குநருள் ஒன்று. அதன் எட்டு விரைவுப் பெட்டி பி.எம்.டபிள்யூ. முதலிய வண்டிகளில் உள்ளது. தன் தானியங்கிப் பெட்டிகளின் எண்ணெயை 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டாண்டிற்கு ஒருமுறை மாற்றுக என்று அந்நிறுவனமே கூறுகின்றது. பெட்டி செய்தவர் மாற்று என்கின்றார். பெட்டியை வாங்கி வண்டியிற் பொருத்தி விற்றவர் வேண்டா என்கின்றார். இருவருள் எவர் சொல் கொள்ளத்தக்கது?

இன்னொரு சான்று. வோக்சுவாகன் நிறுவனத்தின் ஏழு விரைவு உலர் இரட்டை உரசிணைப்பிப் பெட்டியில் குறைகள் எழவே, 2013 மார்ச்சில் சீன நாட்டில் மட்டும் 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் உலகெங்கும் ஏறத்தாழ 16 இலக்கம் வண்டிகளில், செயற்கை எண்ணெயை வடித்துவிட்டுக் கனிம எண்ணெய் ஊற்ற அந்நிறுவனமே முன்வந்தது. வெம்மை மிகுந்த நிலங்களில் செயற்கை எண்ணெயால் மின்பகுதி கெடக்கூடும் என்பது கூறப்பட்ட கரணியம். எண்ணெயைப் பற்றிப் பேசவே வேண்டா எனப்பட்ட பெட்டிக்கு எண்ணெயே நோயாயிற்று! வெம்மை மிகுந்த நிலம் என்பதில் தஞ்சைத் தரணியின் சித்திரை வெயிலும் அடங்குமன்றோ?

உலர் உரசிணைப்பிக்கு எண்ணெய்க் குளிர்ச்சி இல்லை. நெல் மூட்டை ஏற்றிய வண்டியின் பின் அய்யம்பேட்டையிலிருந்து பாபநாசம் வரை ஊர்ந்து வரும் மகிழுந்தில், அது பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடேறித் தேய்கின்றது. நிற்கும்போது நடுநிலைக்கு மாற்றுக, ஏற்றத்தில் முடுக்கியால் வண்டியைத் தாங்கி நிறுத்தாதே, முன்வண்டிக்கு இடைவெளி விட்டு ஒரே நகர்வாய் நகர்க என்னும் மூன்று சொற்களை விற்பனையாளர் சொல்லியிருந்தால் எத்தனை உரசிணைப்பிகள் பிழைத்திருக்கும்! சொல்லார். சொல்லாமையில் அவர்க்கு வருவாய் உண்டு.

இரண்டாம் பூட்டு கருவிப் பூட்டு. பெட்டியின் எண்ணெயை மாற்றுவது கம்மியர்க்குக் கடினமன்று. ஆனால் எண்ணெயின் சூட்டைக் கணிப்பொறி வழியே படித்து, ஏறத்தாழ 40 பாகை அளவில், பொறி இயங்கும்போதே மட்டம் பார்க்க வேண்டும். உரசிணைப்பி மாற்றினால் அதன் தொடுநிலையைப் பெட்டிக்குப் புதிதாய்க் கற்பிக்க வேண்டும். இவற்றிற்குக் குறைகாண் கருவியும் பழுதுநூலும் வேண்டும். அவற்றைத் தம் ஒப்புதல் பெற்ற பணிமனைகட்கு மட்டுமே தருவோம் என நிறுவனங்கள் இறுக்கிப் பிடித்தன.

இது வெறுங் குற்றச்சாட்டன்று. 2011இல் தொடுக்கப்பட்ட முறையீட்டின் மேல், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகத்து 25ஆம் நாள் தீர்ப்புரைத்தது. உதிரி உறுப்புகளையும் குறைகாண் கருவிகளையும் தனிப்பட்ட பட்டறைகட்குக் கிடைக்காமற் செய்தமைக்காகப் 14 மகிழுந்து நிறுவனங்கள் மீது, விற்றுமுதலில் நூற்றுக்கு இரண்டு வீதமாய், மொத்தம் 2,544.65 கோடி உருவா தண்டம் விதித்தது. பி.எம்.டபிள்யூ., மெர்சிடீசு, வோக்சுவாகன், சுகோடா, பியட்டு என ஐரோப்பியர் மட்டுமல்லர். டாட்டாவும் மகேந்திராவும் மாருதியும் அப் பட்டியலில் உள. சுரண்டுவதில் உள்நாட்டான் வெளிநாட்டான் என்ற வேற்றுமை ஏது? நிறுவனங்கள் மேல்முறையீடு, தடையாணை என முறைமன்றங்களுக்கு விரைந்தன; வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. பட்டறைக்காரர்க்கு ஆண்டுக்கணக்கு இல்லை. அவர்க்குள்ளது நாட்கூலிக் கணக்கு.

இந்நிறுவனங்கள் தம் தாயகத்தில் எவ்வாறு நடக்கின்றன? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007ஆம் ஆண்டுச் சட்டம், பழுதுநீக்கச் செய்திகளைத் தனிப்பட்ட பட்டறைகட்கும், தம் ஒப்புதல் பணிமனைகட்குத் தருவது போன்றே, ஞாயமான கட்டணத்தில் தருதல் வேண்டும் எனக் கட்டளையிட்டுள்ளது. செருமானியச் சிற்றூரின் கம்மியன் கட்டணம் செலுத்திப் படிக்கும் நூலை, காவிரிக்கரைக் கம்மியன் கண்ணாலும் காணக்கூடாதாம்! இந்திய ஒன்றிய அரசு 2022 திசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கென ஒரு வலைவாயிலைத் திறந்தது; நல்லதே. ஆயினும் கட்டாயமில்லாத உரிமை, கதவில் ஒட்டிய விளம்பரத் தாளுக்கு ஒப்பானதே.

இனி மின்னுந்து. "அதில் பல்லிணைப் பெட்டியே இல்லை; பேணல் வேண்டா" என்று ஒரு புதுப்புரட்டு கிளம்பியுள்ளது. மின்னோடி பத்தாயிரத்திற்கு மேற்பட்ட சுற்றில் சுழலும். சக்கரம் அதில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு சுற்றே சுழலும். இடையில் விரைவைக் குறைத்து முறுக்கைப் பெருக்கும் பல்லாழிகள் இல்லாமல் இஃது எங்ஙனம் நடக்கும்? பெரும்பாலான மின்னுந்துகளில் ஒரே விரைவுப் பெட்டி உண்டு. 2019இல் வந்த போர்சே டைகான் வண்டியின் பின்னச்சிலோ இரு விரைவுப் பெட்டியே உண்டு. அதனுள் எண்ணெயும் தாங்கிகளும் கசிவுத்தடை வளையங்களும் உள்ளன. மின்னோடியின் அச்சில் ஒழுகும் மின்னோட்டம் தாங்கியின் வழித்தடத்தை வரிவரியாய் அரிக்கவும் கூடும். ஆலையில் மின்னோடி பழுது பார்ப்போர் இதனை நன்கறிவர். மிகுவிரைவிற் சுழலும் பல்லிற்கு எண்ணெய் வேண்டா என்பவன் வண்டி விற்பவனே. வண்டி அறிந்தவன் அல்லன்.

இங்கு உயிர்க்கேடும் உண்டு. வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டு. மின்னுந்தில் 400 அளவிலும், சிலவற்றில் 800 அளவிலும் நேர்மின்னோட்டம் ஓடுகின்றது. செம்மஞ்சள் நிற வடம் அதன் அடையாளம். பெட்டியைக் கழற்றுமுன் வண்டியை முற்ற நிறுத்தி, துண்டிப்பு முளையை உருவி, மின்தேக்கிகள் வடியக் குறித்த நேரம் பொறுத்து, மானியால் அழுத்தம் சுழியெனக் கண்டு, 1000 வோல்ட்டுக்குரிய காப்புறை அணிந்தே கைவைத்தல் வேண்டும். இந்த ஐந்து வரியைத் தமிழில் அச்சிட்டு வண்டியின் மூடியடியில் ஒட்டுவதற்கு என்ன செலவாகும்? பி.எம்.டபிள்யூ. வண்டி 2007 முதல் செங்கற்பட்டுப் பக்கம் பொருத்தப்படுகின்றது. வியட்நாமியரின் வின்பாசுட்டு 2025 ஆகத்தில் தூத்துக்குடியில் மின்னுந்து ஆலை திறந்தது. நிலம் தமிழனுடையது, நீரும் உழைப்பும் தமிழனுடையன. எச்சரிக்கை மட்டும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்!

பழி முழுதும் அயலார் மேலதன்று. செருமானியர் தம் பல்லிணைக்கு ஆங்கிலப் பெயரைக் கடன்கொள்ளவில்லை, இசட்.எஃப். என்னும் பெயரின் விரிவே அவர் மொழியிற் பல்லாழித் தொழிற்சாலை என்பதுதான். இங்கோ, சேலத்தில் அறிவியற் கலைச்சொல்லுக்கெனக் கழகம் கண்டது 1916இல். மறைமலையடிகளின் தனித்தமிழ் முயற்சி எழுந்ததும் அவ்வாண்டே. பாபநாசத்தினின்று பேருந்தில் ஒரு மணித் தொலைவில் 1981 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் நிற்கின்றது. அறிவியல் களஞ்சியம் பல மடலங்களாய் வெளியிட்டது. அவை பட்டறைக்கு வந்தனவா? அண்ணா பல்கலைக்கழகம் 2010–11இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழிற் கற்பிக்கத் தொடங்கியது. 2023இல் உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் அதனை நிறுத்த அறிவித்து, எதிர்ப்பெழுந்ததும் மீட்டுக்கொண்டது. சேர்வாரில்லை என்றனர். கற்றதைக் கொண்டு வேலை தருவாரில்லாதபோது சேர்வார் எங்ஙனம் வருவர்?

தனித்தமிழன்பரும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெயர் வைத்ததோடு பணி முடிந்ததென்று அமர்வோர் பலர். உரசிணைப்பி என்னும் சொல் அகரமுதலியிற் கிடந்து என்ன பயன்? அதன் தொடுநிலையைக் கற்பிக்கும் முறையைச் சொல்லும் நூல் தமிழில் வரட்டும்; சொல் தானே நடக்கும். மரை, திருகு, அச்சு, ஆப்பு என்பன கம்மியர் கையிலிருந்தே வாழ்கின்றன, புலவர் ஏட்டிலிருந்தல்ல.

பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று, வட்டச் சுவரும் கூம்பிய முடியுமாய் நிற்கின்றது. 3000 கலம் கொள்ளும் என்பர். ஊர் நெல்லைச் சேர்த்துவைத்து வேண்டும்போது அளந்துகொடுக்கக் கட்டியது அது. பழுதுநூல்களையும் குறைகாண் கருவியையும் அவ்வாறே ஊர்ப் பொதுவில் வைத்தல் அரிதன்று. வட்டத்துப் பட்டறைக்காரர் இருபதுபேர் கூட்டுறவாய்ச் சேர்ந்து, எவ்வகை வண்டிக்கும் பொருந்தும் கருவியொன்றை வாங்கி முறைவைத்து எடுக்கலாம். தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர் ஒருவர் எண்ணெய் மாற்றும் முறையையும் மின்காப்பு முறையையும் நாற்பது பக்கத்தில் தமிழில் எழுதலாம். அரசு செய்யவேண்டுவது ஒன்றே: தமிழ்நாட்டு நிலத்தில் ஆலை வைப்போர் பழுதுநூலைத் தமிழில் தந்தாலன்றிச் சலுகை இல்லை எனும் விதியை ஒப்பந்தத்தில் எழுதுவது.

2028இல் குடந்தையில் அடுத்த மாமகம். பாபநாசம் சாலையில் வண்டிகள் கல் தொலைவிற்கு வரிசையாய் ஊர்ந்து செல்லும். உலர் உரசிணைப்பிகள் கருகும். அன்று சாலையோரத்தில் நிற்கும் மகிழுந்தின் அடியிற் படுத்துப் பார்க்கப்போவது சென்னைப் பணிமனை அன்று, பாபநாசத்துக் கம்மியரே. அவர் கையிற் கருவியும் நூலும் சேர இன்னும் காலமிருக்கின்றது.