தென்னையில் ஒரு வளையம்

ஒரு வீட்டிலே பிள்ளைகள் இருக்கின்றார்கள் என்பதைத் தெருவிற் செல்பவனுக்கு முதலில் அறிவிப்பது அவர்களது குரலன்று. சுவரிலே பந்து மோதும் ஓசையே ஆகும். அவ்வோசை எழுந்த மறுகணம் அடுக்களையிலிருந்து ஓர் அதட்டல் எழும். அதனையும் மீறிப் பந்து மோதுமாயின், அடுத்து உடைவது சன்னற் கண்ணாடியாகவோ, திண்ணையில் வைத்த தண்ணீர்க் குடமாகவோ இருக்கும். இக்காட்சியைக் காணாத தமிழ்க் குடும்பம் ஒன்றேனும் உண்டோ?

பந்தாட்டத்துக்கு மைதானம் வேண்டும்; உடனாட ஆட்கள் வேண்டும்; பொழுதும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே வாய்த்தல் அரிது. நம் வினாயகபுரத்திலே கார்த்திகையும் மார்கழியும் வந்துவிட்டால் மைதானமெல்லாம் குளமாகிவிடும். பெண் பிள்ளைகளுக்கோ மழையில்லாத நாளிலும் மைதானம் எளிதில் வாய்ப்பதில்லை. பொழுது சாயுமுன் வீடு திரும்பவேண்டும், தம்பியரையும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆகவே, வீட்டு முற்றத்திலேயே ஆடிப் பழக வழியுண்டா என்பது பலருக்குப் பொழுதுபோக்குக் கேள்வியன்று. ஆட்டமா, ஆட்டமே இல்லையா என்று முடிவுசெய்யும் கேள்வியாகும்.

இக்கேள்விக்கு விடை தேடியவர் உலகெங்கும் உளர். இங்கிலாந்திலே, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், புல்வெளி டென்னிஸை மழைக்காலத்திலும் ஆட விரும்பிய குடும்பங்கள் உணவு மேசையையே மைதானமாக்கின. புத்தகங்களை அடுக்கி வலையாக்கினர்; சுருட்டுப் பெட்டியின் மூடியை மட்டையாக்கினர். அவ்விளையாட்டே பின்னர் மேசைப்பந்தாட்டமாக வளர்ந்து உலகெங்கும் பரவியது. வீட்டுக்குள் பழகக் கண்ட உபாயம் தானே ஓர் ஆட்டமாகிவிட்ட விந்தை இது.

கோல்ஃப் ஆட்டத்தின் கதையோ வேறு. பரந்த நிலமின்றி ஆடவியலாத ஆட்டம் அது. நம் நாட்டிலே கொழும்பில் 1879ஆம் ஆண்டிலும், நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டிலும் அதற்கெனக் கழகங்கள் தோன்றின. நிலம் எவ்வளவுக்கு அரிதோ, அவ்வளவுக்கு அதனை வீட்டிற் பழகும் கருவிகளும் பெருகின. கயிற்றிற் கட்டிய பந்து, பந்தைத் தடுக்கும் வலை, குழியில் விழுந்த பந்தைத் திருப்பி அனுப்பும் கிண்ணம் என்று தொடங்கி, பந்தின் வேகத்தைக் கருவியால் அளந்து திரையிலே புல்வெளியைக் காட்டும் இயந்திரம் வரை இன்று வந்துவிட்டன. ஆயினும், கோல்ஃப் ஆடுவோரிடையே நெடுங்காலமாக வழங்கும் எளிய கருவி ஒரு கண்ணாடிக் குவளையே. அதனைக் கம்பளத்தின்மேற் சாய்த்து வைத்து அதனுட் பந்தை உருட்டிப் பழகுவர். புல்வெளியிலுள்ள குழியின் அகலம் நாலேகால் அங்குலம். குவளையின் வாயோ அதனினும் குறுகியது. இச்சிறு செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்துக; பின்னர் வேண்டப்படும்.

கிரிக்கெட் ஆட்டத்திற்குப் பந்தெறியும் பொறியை முதலில் அமைத்தவர்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியர் என்பது நமக்குத் தனி மகிழ்ச்சி தருவது. நிக்கொலஸ் வனொஸ்ட்ரொக்ட் என்ற அப்பெரியார் பீலிக்ஸ் என்ற புனைபெயரால் ஆடினார். பண்டைப் போர்க்களத்துக் கவண்பொறியைப் பின்பற்றி அவர் தமது பொறியை அமைத்தார். 1845ஆம் ஆண்டில் மட்டை பிடிக்கும் கலைபற்றி நூலொன்றும் எழுதினார். கணித மாணவர் நன்கறிந்த வென் வரைபடத்தை வகுத்த ஜோன் வென் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞரும் இத்தகைய பொறியொன்றைச் செய்தார். 1909ஆம் ஆண்டில் அங்கு வந்த அவுஸ்திரேலிய அணியின் சிறந்த ஆட்டக்காரர் ஒருவரை அப்பொறி நான்கு முறை ஆட்டமிழக்கச் செய்தது! சட்டைகளில் முதலை இலச்சினையைப் பொறித்துப் புகழ்கொண்ட பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்டும், தாம் தனியே நின்று பழகுதற்பொருட்டுப் பந்தெறியும் பொறியொன்றைச் செய்துகொண்டவரே.

நிற்க. இப்பொறிகள் யாவற்றையும் வெல்லும் ஒரு கருவி உண்டு. அதற்கான செலவோ ஏறத்தாழ ஒன்றுமில்லை. அவுஸ்திரேலியாவிலே சிட்னி நகருக்குத் தென்மேற்கே பௌரல் என்ற சிற்றூரில், 1908ஆம் ஆண்டிற் பிறந்த ஒரு சிறுவன் தன் வீட்டின் பின்புறத்திலே தனியே விளையாடினான். அங்கே வட்டமான செங்கல் மேடையின்மேல் ஒரு தண்ணீர்த் தாங்கி நின்றது. அவன் கையில் மட்டையில்லை; விக்கெட் தடியொன்றே இருந்தது. கிரிக்கெட் பந்துமில்லை, கோல்ஃப் பந்தொன்றே இருந்தது. அப்பந்தைச் செங்கல் மேடையில் எறிவான். வளைந்த சுவரில் மோதிய பந்து எந்தத் திசையில் திரும்புமென்று எவராலுஞ் சொல்லவியலாது. அது மின்னலென மீளும்போது அத்தடியால் அடிப்பான். நாள்தோறும் இதுவே அவன் விளையாட்டு.

அச்சிறுவனே பின்னர் டொன் பிரட்மன் ஆனான். 52 டெஸ்ட் ஆட்டங்களில் அவர் பெற்ற சராசரி 99.94. அதனை இன்றுவரை எவரும் அணுகவில்லை. 1948 மார்ச்சிலே, இங்கிலாந்து செல்லும் வழியிற் கொழும்பில் இறங்கி அவர் அணியினர் ஆடியபோது, எதிர்த்தாடிய இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம் என்ற தமிழர் என்பதும் நாம் நினைவுகூரத் தக்கது.

பிரட்மனின் கருவியிலே என்ன சிறப்பு? மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். கிரிக்கெட் மட்டையின் அகலம் நாலேகால் அங்குலம் வரை இருக்கலாம்; விக்கெட் தடியின் தடிப்போ ஏறத்தாழ ஒன்றரை அங்குலம். கிரிக்கெட் பந்தின் விட்டம் மூன்றங்குலத்திற்குச் சற்றுக் குறைவு; கோல்ஃப் பந்தினதோ ஒன்றேமுக்கால் அங்குலத்திலுங் குறைவு. அடிக்குங் கருவி மூன்றிலொன்றாகச் சுருங்கியது. அடிபடும் பொருளும் சிறுத்தது. அது வரும் திசையும் தெரியவில்லை. இத்தனை இடர்களையும் வீட்டிலே தாங்கிய கண்ணுக்கு, மைதானத்திலே மட்டை பலகைபோலவும் பந்து தோடம்பழம் போலவும் தோன்றியிருக்கு மன்றோ? குவளையினுட் பந்தை உருட்டியவர் கண்ட உண்மையும் இதுவே.

இவ்வுண்மையை நாம் நூல்களிற் கற்றது பிந்தித்தான். முதலிற் கற்பித்தது நம் வீட்டுத் தென்னைமரம்.

நம் இரண்டாம் மகள் ஒன்பதாந் தரத்திற் படித்தபோது பள்ளி வலைப்பந்தாட்ட அணியிற் சேர்ந்தாள். வளையத்துட் பந்தை இடும் பொறுப்பு அவளுடையது. பள்ளியிற் பழகக் கிடைத்ததோ கிழமைக்கு ஒரு மாலை. "அப்பா, வீட்டிலும் ஒரு வளையம் கட்டித் தாங்கோவன்" என்று கேட்டாள். வளவில் ஒரு பழைய சைக்கிள் கிடந்தது. அதன் பின்சில்லைக் கழற்றிக் கம்பிகளை நீக்கி, அந்த றிம்மைத் தென்னையிலே பத்தடி உயரத்தில் ஆணியடித்து நிறுத்தினோம். உயரம் சரியே; அதனை நாடா கொண்டு அளந்தோம். அன்று நமக்கிருந்த பெருமிதம் சிறிதன்று.

மாலைதோறும் மகள் பந்தெறிவாள். நாம் திண்ணையிலமர்ந்து குறிப்பேட்டில் எண்ணுவோம். முதற் கிழமை நூற்றுக்கு ஐம்பது, பின்னர் அறுபத்தைந்து, மூன்றாம் மாதம் எண்பதைத் தாண்டியது. பக்கத்து வளவினரை யெல்லாம் அழைத்துக் காட்டினோம். வலயப் போட்டி வந்தது. முதலெறி வளையத்தின் விளிம்பிற் பட்டுத் திரும்பியது. இரண்டாவது விளிம்பைச் சுற்றி வந்து வெளியே விழுந்தது. மூன்றாவதும் அவ்வாறே. இடைவேளையின் பின் அவளை வெளியே அமர்த்திவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவள் நெடுநேரம் பேசவில்லை. இரவு உணவின்போது தலை நிமிராமலே சொன்னாள்: "அப்பா, அங்கே வளையம் சின்னன்."

நாம் கல்லூரியிற் கணிதங் கற்பிப்பவர். அன்றிரவே விதிநூலைப் புரட்டினோம். வலைப்பந்து வளையத்தின் விட்டம் 380 மில்லிமீற்றர். அதாவது பதினைந்து அங்குலம். தென்னையிலுள்ள றிம்மோ ஏறத்தாழ இருபத்துநான்கு அங்குலம். பந்தின் விட்டம் ஒன்பதங்குலத்திற்குச் சற்றுக் குறைவு. எனவே போட்டி வளையத்திலே பந்தைச் சுற்றி எஞ்சும் வெளி ஆறங்குலம். நம் வளையத்திலே பதினைந்து அங்குலம். உயரத்தை அளந்த நாம் அகலத்தை அளக்கவில்லை! மூன்று மாதங்களாக நாம் குறிப்பேட்டில் எழுதியது அவளது திறமையையன்று, றிம்மின் தாராளத்தையே. பிரட்மன் தன் வீட்டிலே மட்டையைச் சிறுக்கவைத்தான். நாமோ நம் வீட்டிலே வளையத்தைப் பெருக்கவைத்தோம். பிள்ளையின் தோல்வி அவளுடையதன்று, அது நம்முடையது. அதனை அவளிடமே ஒப்புக்கொண்டோம்.

மறுநாள் அக்கரைப்பற்றிலுள்ள ஓர் இரும்புப் பட்டறைக்குச் சென்று, பதினைந்து அங்குலத்தில் வளையமொன்று வேண்டுமென்றோம். பட்டறைக்கார நானா நம்மை ஏற இறங்கப் பார்த்து, "சேர், பதினைஞ்சு இஞ்சு உள்ளுக்கா, வெளியாலயா?" என்றார். இரண்டாம் முறையும் கணித ஆசிரியரின் தலை கவிழ்ந்தது. விதிநூல் கூறுவது உள்விட்டத்தையே. வேலை எதற்கென்று கேட்டறிந்த அவர், "அப்ப பன்னிரண்டு இஞ்சிலயும் ஒண்டு அடிச்சித் தாறன். சின்னனில பழகினாப் பெரிசு லேசு, சேர்" என்றார். பிரட்மனின் கதையை அவர் அறிந்திருந்தாரோ என்னவோ. அவன் கண்ட உண்மை அவர் கைத்தொழிலிலேயே இருந்தது.

பன்னிரண்டு அங்குல வளையம் தென்னையில் ஏறியது. முதற் கிழமை நூற்றுக்குப் பதினெட்டு. மகள் பந்தை வீசிவிட்டு உள்ளே போய் அழுதாள். "பிள்ளையைப் படுத்தாமல் அதைக் கழற்றிப் போடுங்கோ" என்றார் அவள் தாயார். அவ்வேளையிலேதான் நாம் இன்னொரு தந்தையின் கதையைப் படிக்க நேர்ந்தது. அமெரிக்க டென்னிஸ் வீரர் அன்ட்ரே அகஸி 2009ஆம் ஆண்டு வெளியிட்ட தன்வரலாற்றிலே, தம் தந்தையார் பந்தெறியும் பொறியொன்றை இன்னுங் கடிதாகத் திருத்தி வீட்டுக் களத்தில் நிறுத்தியதையும், சிறுவனாகிய தாம் அதனை அரக்கனென அஞ்சியதையும் எழுதியுள்ளார். உலக வீரரான பின்னும் டென்னிஸைத் தாம் வெறுத்ததாகவே அவர் கூறுகின்றார். பொறி கடிதாயிருத்தல் நன்று. ஆனால் அதனைப் பிள்ளை தானே தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். பிரட்மனுக்கு எவரும் கோல்ஃப் பந்தை நீட்டவில்லை. எவரும் அருகிருந்து எண்ணவுமில்லை.

குறிப்பேட்டை மூடிவைத்தோம். இரண்டு வளையங்களையும் காட்டி, "எதனைக் கட்டுவது என்பதை நீயே சொல்லு, மகள்" என்றோம். இரண்டு நாள் மறுமொழி இல்லை. மூன்றாம் நாள் மாலை, பன்னிரண்டு அங்குல வளையத்தின் கீழே பந்தோசை கேட்டது. நாம் வெளியே போகவில்லை.

நேயர்களுக்கும், சிறப்பாக மாணவர்களுக்கும், நம் தவற்றின் பயனாகச் சில சொல்வோம். வீட்டிற் பழகுதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பழைய காலுறையிலே பந்தையிட்டு மாமரக் கிளையில் தொங்கவிட்டால் மட்டை நேரே வரப் பழகலாம். உதைபந்துக்குச் சுவரிலே கரித்துண்டால் ஒரு சதுரம் கீறினாற் போதும். வாரந்தோறும் அச்சதுரத்தைச் சிறிது குறுக்குக. நம் நாட்டு லசித் மாலிங்க, ஆட்டக்காரரின் காலடியிற் பந்தை வீழ்த்தும் வித்தையைப் பழகியது விக்கெட்டின் முன் வைத்த ஒரு சோடிச் சப்பாத்தைக் குறியாகக் கொண்டே. வலைப்பந்து பழகும் பெண் பிள்ளைகள் உயரத்தையும் உள்விட்டத்தையும் இரண்டு முறை அளந்த பின்னரே ஆணியடிக்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம், 2009, 2018 ஆகிய ஆண்டுகளில் ஆசியக் கிண்ணம் வென்ற இலங்கை அணியில் ஆடியவர். ஆறடி பத்தங்குல உயரத்தினர். உயரம் பிறப்பால் வருவது. குறி பழக்கத்தால் வருவது. முன்னையது நம் கையிலில்லை. பின்னையது நம் முற்றத்திலேயே இருக்கின்றது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பந்தோசை கேட்டவுடன் அதட்டாதீர்கள். கண்ணாடியை மறுபுறம் மாற்றி வையுங்கள். பெண் பிள்ளையின் பந்தோசையாயின், பொழுது சாய்ந்த பின்னும் முற்றத்து விளக்கை ஏற்றிவையுங்கள்.

அடுத்த ஆண்டு வலயப் போட்டியில் மகளின் அணி இரண்டாஞ் சுற்றிலேயே தோற்றது. எதிரணியினர் வலியர். ஆயினும், அன்று மாலை படலையைத் திறக்கும்போதே அவள் பேசிக்கொண்டு வந்தாள். எத்தனை பந்து விழுந்தது என்று நாம் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: "அப்பா, இண்டைக்கு வளையம் பெரிசாத் தெரிஞ்சுது."