கையெழுத்திடும் துணைக்குக் கேள்வி கேட்கும் உரிமையும் உண்டு: எமது சங்கத்தின் நிலைப்பாடு

கொடிய வியாதியுற்று, வாய் திறந்து பேசவும் இயலாமல் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் ஒருவருக்காக, அவரோடு வாழ்க்கையைப் பகிர்ந்துகொண்ட கணவனோ மனைவியோ மருத்துவரிடம் கேள்வி கேட்பதும், விளக்கம் கோருவதும், வேண்டுமானால் ஆட்சேபம் தெரிவிப்பதும் அதிகப்பிரசங்கித்தனமா, அல்லது அவருக்குரிய பாத்தியதையா என்ற விஷயத்தில் எமது சங்கம் கொண்டுள்ள அபிப்பிராயத்தைப் பொதுஜனங்களுக்கும், மருத்துவ ஸ்தாபனங்களுக்கும், அரசாங்கத்துக்கும் தெரிவிக்கவே இவ்வறிக்கை வெளியிடப்படுகிறது. அது பாத்தியதைதான் என்பதும், நோயாளியின் சித்தத்தை எடுத்துச் சொல்லும் பொருட்டு ஏற்பட்ட அந்தப் பாத்தியதையைத் துணைவர் தம்முடைய சித்தத்தை நோயாளியின்மேல் சுமத்துவதற்குப் பயன்படுத்தலாகாது என்பதும் எமது முடிவு. முன்னதை ஏற்க மருத்துவமனைகள் தயங்குகின்றன. பின்னதை ஏற்கக் குடும்பங்கள் தயங்குகின்றன. ஆதலால் இவ்வறிக்கை இரு தரப்பாருக்கும் முழுமையாக இனிக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

இன்று நடைபெறுவது யாது? கணவனை ஆம்புலன்ஸில் கொண்டுவந்து சேர்த்த மனைவியை முன்பணம் கட்டக் கவுண்டருக்கு அழைக்கிறார்கள். சீட்டைக் கையில் கொடுத்து மருந்துக் கடைக்கு அனுப்புகிறார்கள். இரத்தம் கொடுக்க ஆள் கொண்டுவரச் சொல்லுகிறார்கள். காப்பீட்டு அட்டைக்கும் குடும்ப அட்டைக்கும் நகல் கேட்கிறார்கள். பிறகு, அவளால் பெரும்பாலும் படித்தறிய இயலாத ஆங்கிலத்தில் அச்சிட்ட சம்மதப் படிவத்தை நீட்டி, பேனா முனையால் இடத்தைச் சுட்டி, 'இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா' என்கிறார்கள். இவ்வளவுக்கும் அவள் மனைவி என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஆனால், 'எதுக்கு இந்த ஆபரேஷன், பண்ணலைன்னா என்ன ஆகும்?' என்று அவள் வாய் திறந்த மாத்திரத்தில், 'பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்டுக்கோங்க' என்பதோ, 'கூட ஆம்பளைங்க யாரும் வரலையா?' என்பதோ விடையாக வருகிறது. அப்புறம், அன்று காலையில்தான் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய மைத்துனரிடம், நோயாளிக்குச் சர்க்கரை வியாதி எத்தனை வருஷமாக உண்டு என்பதைக்கூட அறியாதவரிடம், நிலைமை முழுவதும் விஸ்தாரமாக எடுத்துரைக்கப்படுகிறது. பணத்துக்கும் பத்திரத்துக்கும் மனைவி, தகவலுக்கு மைத்துனர் என்னும் இந்த விநோதமான பாகப்பிரிவினையை எமது சங்கம் வன்மையாக ஆட்சேபிக்கிறது.

ஆண்களும் இந்தத் துன்பத்துக்கு விலக்கல்லர். அரசு மருத்துவமனைகளின் பெண்கள் வார்டில் இரவில் ஆண் துணை தங்கலாகாது என்ற நியதி, மற்ற பெண் நோயாளிகளின் மானத்தையும் நித்திரையையும் உத்தேசித்து ஏற்பட்டது. அதன் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும், பெண்மக்களோ சகோதரிகளோ உதவிக்கு இல்லாத தம்பதிகளில், மனைவி உள்ளே மூச்சுத் திணறிக்கொண்டிருக்க, வராந்தாவில் செய்தித்தாளை விரித்துப் படுத்திருக்கும் கணவனுக்கு விடியும்வரையில் யாதொரு செய்தியும் எட்டாமலிருப்பதற்கு அந்த நியதி ஒரு சாக்காகிவிடக் கூடாது. இரவுப் பணியிலுள்ள செவிலியர் இரண்டொரு முறை வெளியே வந்து நிலைமையைக் கூறுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

துணைவரைக் கேட்டறிவதை ஒரு தாட்சணியமாக மருத்துவர்கள் கருதுவார்களாயின் அது பிசகு. அது சிகிச்சையின் ஓர் அங்கம். நோயாளி எந்த மாத்திரைக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனார், சர்க்கரைக்குத் தரப்பட்ட மாத்திரையை எத்தனை மாதமாக விழுங்காமல் ஜன்னலுக்கு வெளியே எறிந்து வந்தார், பக்கத்தூர் வைத்தியரிடம் எந்த லேகியத்தை இரகசியமாக வாங்கிச் சாப்பிட்டார் என்பனவெல்லாம் கேஸ் ஷீட்டில் காணப்படமாட்டா. கூட வாழ்ந்தவருக்கு மட்டுமே தெரியும். இடது காது கேளாத ஒருவர் அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட கேள்விக்கு விடையளிக்காததைப் புத்தி தடுமாற்றமென்று எழுதிவிடாமல் தடுக்கக்கூடியவரும் அவரே. குடிப்பழக்கத்தை எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் மது அருந்தியவர் படுக்கையில் விழுந்து அது திடீரென்று நின்றுபோனால், இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கமும், பிதற்றலும், சில வேளைகளில் வலிப்பும் கண்டு உயிருக்கே அபாயம் நேரலாம். முன்கூட்டி அறிந்தால் மருந்தினால் தடுத்துவிடலாம். ஆனால் மாமனார், மாமியார், நாத்தனார் சூழ நிற்கையில், 'குடிப்பாரா?' என்று மருத்துவர் உரக்கக் கேட்டால், எந்த மனைவி ஆமென்பாள்? அவளைத் தனியே அழைத்து இரண்டு நிமிஷம் பேசும் மருத்துவர், ஒரு நாள் பரிசோதனைகளால் அறியக் கூடாததை அறிந்துகொள்வார். அன்றியும், தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கமும் குழப்பமும் உண்டாகும் நோயாளிகளில் சிலர் கூச்சலிடாமல் வெறுமனே அடங்கிக் கிடப்பார்கள். 'இவர் வழக்கமா இப்படி இருக்கமாட்டார்' என்று மனைவி சொல்லும் சொல், அத்தகைய சந்தர்ப்பத்தில் ஒரு நோய்க்குறியாகவே எண்ணிக் குறித்துக்கொள்ளத் தக்கது.

சட்டம் இவ்விஷயத்தில் கூறுவது சற்றுக் குழப்பமாகவே உள்ளது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ஆம் ஆண்டில் வகுத்த நடத்தை விதிகள், அறுவைச் சிகிச்சைக்கு எழுத்துமூலமான சம்மதம் பெறவேண்டியவர்களைச் சொல்லும்போது கணவன் அல்லது மனைவியை முதலிலும், நோயாளியைக் கடைசியிலும் நிறுத்தியிருக்கின்றன. ஆனால் 2008-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது. பரிசோதனைக்கு மட்டுமே சம்மதித்து மயக்க மருந்து ஏற்றுக்கொண்ட 44 வயதுப் பெண்மணி ஒருவர் நினைவிழந்து கிடக்கையில், வெளியே காத்திருந்த அவருடைய தாயாரிடம் கையெழுத்து வாங்கி, கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிராபத்தான அவசரம் ஏதுமில்லாதபோது, புத்தி சுவாதீனமுள்ள வயதுவந்த ஒருவருக்காகப் பெற்ற தாயின் சம்மதமும் செல்லாது என்று நீதிமன்றம் தீர்த்தது. தாய்க்குச் சொன்னது துணைக்கும் பொருந்தும். நோயாளி தெளிவோடு இருக்கும்வரை அவர் சொல்லே இறுதியானது. கணவன் 'வேண்டாம்' என்றதற்காக மனைவிக்கும், மனைவி அஞ்சியதற்காகக் கணவனுக்கும் உரிய சிகிச்சை நின்றுபோவதை எமது சங்கம் ஆதரிக்காது.

இதை அழுத்திச் சொல்ல வேண்டிய காரணம் நம் நாட்டுச் சரித்திரத்திலேயே இருக்கிறது. திண்டிவனத்தில் மருத்துவத் தொண்டு புரிந்த பாதிரியாரின் மகள் ஐடா ஸ்கடரின் வீட்டுக் கதவை, ஒரே இரவில் மூன்று கணவன்மார், பிரசவ வேதனையில் துடிக்கும் தத்தம் மனைவியைக் காப்பாற்றும்படி வந்து தட்டினார்கள். தாம் வைத்தியம் அறியாதவர், தம் தந்தையாரை அழைத்துச் செல்லலாம் என்று அந்த இளம்பெண் கூறியபோது, பிற ஆடவர் தம் மனைவியைத் தொடலாகாதென்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவின் விளைவாகவே அவர் அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1900-இல் வேலூரில் தம் பணியைத் தொடங்கினார் என்பது யாவரும் அறிந்தது. அந்த மூன்று கணவன்மாரும் மனைவியரை நேசிக்காதவர்களென்று சொல்ல முடியாது. இரவில் ஓடிவந்தவர்கள் அவர்கள். மனைவியின் விருப்பம் யாதென்று கேட்காமலே அவளுக்காகப் பேசினார்கள்.

இன்றைய நாளில் இதே தவறு வேறு வேஷம் தரித்து வருகிறது. 'அவருக்குக் கேன்சர்னு சொல்லிடாதீங்க டாக்டர், தாங்கமாட்டார்' என்னும் வேண்டுகோளைக் கேளாத புற்றுநோய் வைத்தியர் தமிழ்நாட்டில் இருக்கமாட்டார். அதை உரைக்கும் அன்பை நாம் குறைகூறவில்லை. ஆயினும் அடையாறு புற்றுநோய் நிலையத்தின் வாயிலைத் தாண்டி, பெயர்ப்பலகையைப் படித்து, அதே வியாதியுள்ள நூறு பேருக்கு நடுவில் அமர்ந்து, தலைமயிர் உதிர்ந்த பின்னரும் ஒருவர் தம் நோயை அறியாமலிருப்பார் என்று நம்புவது எத்தகைய யுக்தி? அநேகமாக அவருக்குத் தெரிந்தேயிருக்கும். மனைவியின் மனம் நோகுமென்று அவரும், அவர் மனம் நோகுமென்று அவளும் மெளனம் சாதித்து, பேசிக்கொள்ள வேண்டிய கடைசி மாதங்களைப் பேசாமலே கழித்துவிடுகிறார்கள். நோயாளி அறிய விரும்பினால் அவரிடம் மறைக்கும்படி மருத்துவரை நிர்ப்பந்திக்கும் உரிமை துணைக்கு இல்லை. அறிய விரும்பவில்லையென்று அவரே சொன்னால், அப்பொழுது துணையிடம் சொல்வது முறை.

நோயாளி நினைவிழந்துவிட்டாலோ பிரச்சினை முற்றிலும் வேறாகிவிடுகிறது. நினைவற்றுக் கிடக்கும் ஒருவருக்குப் பாதுகாவலரை நியமிக்கத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. இதனால், கோமாவில் வீழ்ந்த கணவனின் சிகிச்சைச் செலவுக்கு அவர் சொத்தை விற்க நேர்ந்த ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது. தனி நீதிபதி அவளைச் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னார். மேன்முறையீட்டில் 2024-ஆம் ஆண்டில்தான் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அவளையே பாதுகாவலராக நியமித்தது. வக்கீல் வைக்கச் சக்தியற்ற மற்ற மனைவியர் என்ன செய்வார்கள்? இதற்கென எளிய நடைமுறையோடு கூடிய சட்டமொன்றை இயற்றுமாறு அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

இனி, யாரும் உரக்கப் பேச விரும்பாத ஒன்று. வெண்டிலேட்டரினால் இனிப் பயனில்லையென்று மருத்துவமனையே உணர்ந்த பிறகு, அதை நேரே கூறாமல், 'வேணும்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, கையெழுத்துப் போடணும்' என்று சொல்லி, மருத்துவ ஆலோசனைக்கு மாறாக நோயாளியை அழைத்துச் செல்வதாக எழுதிய தாளில் மனைவியின் ஒப்பத்தை வாங்கும் வழக்கம் பரவலாக உள்ளது. ஆலோசனை சொன்னவர்கள் அவர்கள். அதை மீறியவள் என்ற பழி மட்டும் அவளுக்கு! கணவனைக் கொன்றுவிட்டோமோ என்ற ஐயத்தோடு மிச்ச ஆயுளைக் கழிக்கும் பெண்களை எமது சங்கத்தார் அறிவார்கள். நேர்மையான மார்க்கம் இல்லாமலில்லை: 2018-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கெளரவமான மரணத்துக்கான உரிமையை ஏற்று வகுத்து, 2023-இல் எளிதாக்கிய முறைப்படி, மருத்துவமனையிலேயே இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்து, குடும்பத்தாரின் சம்மதத்தோடு உயிர்காக்கும் கருவிகளை விலக்கலாம். அவ்விதம் செய்யாமல், பொய்யான வாசகத்தில் துணைவரின் கையெழுத்தை வாங்குவதை நாம் கண்டிக்கிறோம். அத்தகைய தாளில் கையெழுத்திட மறுக்க அவருக்கு உரிமையுண்டு என்றும் கூறுகிறோம்.

மருத்துவமனைகளின் தரப்பில் சொல்லப்படும் ஆட்சேபங்கள் அற்பமானவையல்ல. ஒரு நோயாளிக்குப் பதினைந்து உறவினர் வருவதும், ஒவ்வொருவரும் அதே கேள்வியைத் தனித்தனியே கேட்பதும், தொற்று பரவுவதும், முப்பது மணி நேரமாக உறங்காத பயிற்சி மருத்துவரின் சட்டையைப் பிடிப்பதும் நடக்கின்றன. மருத்துவப் பணியாளர்மேல் கைவைப்பவரைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு முதல் தனிச் சட்டம் உண்டு. அது தயவுதாட்சணியமின்றிப் பிரயோகிக்கப்பட வேண்டுமென்பதே எமது கருத்து. ஆனால் கூட்டத்துக்குப் பரிகாரம் எல்லோரையும் வெளியே நிறுத்துவதன்று. ஒருவரை உள்ளே ஏற்றுக்கொள்வது. சேர்க்கும்போதே நோயாளி தம் சார்பில் பேசுபவர் இன்னாரென்று பெயர் கொடுக்கட்டும். அவர் பேச இயலாவிடில், அவரோடு வாழ்ந்துவரும் கணவனோ மனைவியோ அப்பொறுப்பை ஏற்கட்டும். நாளுக்கொரு முறை, குறித்த நேரத்தில், நாற்காலி போட்டு உட்கார்த்தி, அவரிடம் தமிழில் நிலைமை சொல்லப்படட்டும். சம்மதப் படிவம் தமிழில் இருக்கட்டும், படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டப்படட்டும். வேறொரு மருத்துவரின் அபிப்பிராயத்தைக் கேட்க அவர் விரும்பினால் மருத்துவமனை முகம் சுளிக்காமல் உதவட்டும். தம் இல்லறத்தைத் துன்பமாக்கிய கணவனிடமிருந்து பிரிந்து வாழும் பெண்ணுக்காக, சட்டப்படி கணவன் என்ற காரணத்தால் மட்டும் அவன் பேசலாகாது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்கிறோம்.

தம்பதிகளுக்கு எமது விண்ணப்பம் ஒன்றுண்டு. இருவரும் திடமாக இருக்கும்போதே, எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். அதை எழுதி, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ அத்தாட்சி பெற்றுவைத்தால், 2023-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அது செல்லும். அமங்கலமென்று அஞ்சுபவர்கள், ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் வாரிசின் பெயரை எழுதும்போது அந்த அச்சம் எங்கே போயிற்று என்று எண்ணிப் பார்க்கட்டும். மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு நோட்டுப்புத்தகம் கொண்டுபோய், மருந்தின் பெயரையும், வேளையையும், சொன்னவர் பெயரையும் குறித்து வாருங்கள். சிகிச்சைப் பதிவுகள் வேண்டுமாயின், 2002-ஆம் ஆண்டு விதிப்படி, நோயாளியோ அவர் அதிகாரம் அளித்த துணையோ கேட்ட 72 மணி நேரத்துக்குள் அவை தரப்பட வேண்டும். வாய்மொழியாகக் கேளாமல் எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.