பளபளப்பை விலக்கிப் பார்ப்போம்



மழை ஓய்ந்த காலை வேளையில் பலாங்கொடையிலிருந்து பெலிஹுல்ஓயா பக்கமாகப் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலோர ஆசனத்துக்குப் போட்டி போடுவார்கள். மலைச் சரிவில் தேயிலைச் செடிகள் கழுவி வைத்தாற்போல் நிற்கும். பார்க்கும் கண்ணுக்கு எல்லாம் பச்சை. உடனே கையடக்கத் தொலைபேசியை எடுத்து நாலு படம் பிடித்துக்கொள்கிறோம். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டினால், இலைகளின் மேல் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளைத் திட்டுகள்! நாம் பார்த்த பச்சை எங்கே போனது?

பச்சை எங்கும் போகவில்லை. அதன் மேல் ஒரு பளபளப்பு போர்த்திக்கொண்டிருக்கிறது. ஈரமான இலையின் மேற்பரப்பு வானத்தின் வெளிச்சத்தை அப்படியே தெறிக்கச் செய்கிறது. இலைக்குள் போய் நிறம் எடுத்துக்கொண்டு வரும் ஒளியை விட, மேலோடு தெறித்து வரும் ஒளி பலமாக இருந்தால் நமக்குக் கிடைப்பது இலையின் படமல்ல; இலையின் மேல் விழுந்த வானத்தின் படம். இந்தப் பளபளப்பை விலக்குவதற்கென்றே ஒரு கண்ணாடி இருக்கிறது. போலரைசிங் பில்டர் என்று அதற்குப் பெயர். கெமராவின் லென்ஸுக்கு முன்னால் பூட்டி, விரலால் சுழற்றிக்கொள்ளும்படி அமைந்திருக்கும். இம்மாதம் அதைப் பற்றிப் பேசுவோம்.

ஒளி ஓர் அலை. சாதாரண வெயிலில் அந்த அலையின் அதிர்வு எல்லாத் திசையிலும் இருக்கும். நீரிலோ, இலையிலோ, கண்ணாடியிலோ சரிந்து விழுந்து தெறிக்கும்போது அதிர்வு பெருமளவு ஒரே திசைக்கு ஒழுங்குபடுகிறது. இதை நம் பாடசாலைப் பௌதிகவியல் நூல்கள் முனைவாக்கம் என்கின்றன. கம்பி வேலியின் இடுக்கில் பலகையை நெடுக்காகப் பிடித்தால் நுழையும், குறுக்காகப் பிடித்தால் தடைபடும் அல்லவா? அதுபோல, ஒரு திசை அதிர்வை விட்டு, அதற்குக் குறுக்கான அதிர்வைத் தடுப்பதே இந்தக் கண்ணாடியின் வேலை. சரியான கோணத்துக்குச் சுழற்றியதும் தெறித்த ஒளி அடங்கிவிடும். இலையின் சொந்த நிறம் வெளியே வரும்.

ஒளியைப் பற்றிப் பேசும்போது, பஸராவில் பிறந்த அல்ஹஸன் இப்னுல் ஹைதமை நினைக்காமல் இருக்க முடியாது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் எழுதிய ‘கிதாபுல் மனாழிர்’, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதாலேயே பார்வை உண்டாகிறது என்பதைச் சோதனைகளோடு நிறுவியது. தெறிப்பின் விதிகளையும் அவர் விரிவாக ஆராய்ந்தார். ஆனால் முனைவாக்கத்தைக் கண்டறிந்தவர் அவரல்லர். நம்மவர் என்பதற்காக எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதிவிடுவது அந்த அறிஞருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

தெறிப்பினால் ஒளி முனைவாக்கம் அடைவதை 1808ஆம் ஆண்டில் கண்டவர் பிரான்ஸ் நாட்டு மாலுஸ். பாரிஸில் ஒரு மாளிகையின் ஜன்னல்களில் பட்டுத் தெறித்த மாலை வெயிலை அவர் ஒரு பளிங்குத் துண்டின் வழியே பார்த்தார். துண்டைத் திருப்பத் திருப்ப, அதில் தெரிந்த இரட்டை உருவங்களில் ஒன்று மங்கியது; மற்றது துலங்கியது. 1815இல் ஸ்கொட்லாந்தின் புரூஸ்டர், எந்தக் கோணத்தில் தெறிக்கும் ஒளி முழுமையாக முனைவாக்கம் அடையும் என்பதற்கு விதி கண்டார். நீருக்கு அக்கோணம் ஏறக்குறைய 53 பாகை. கண்ணாடிக்கு 56 பாகை. நீர்ப்பரப்புக்கு நேர் மேலே நிமிர்ந்த கோட்டிலிருந்து அளக்கும் கோணம் இது. குளத்தைச் செங்குத்தாகக் குனிந்து பார்த்தால் பில்டர் பயன் தராது. சற்றுச் சரிந்து பார்க்க வேண்டும் என்பதுதான் நமக்கு இதில் உள்ள பாடம்.

இந்தப் பில்டரை இயற்கையின் முன் பிடித்து ஓர் உண்மையைக் கண்டறிந்த தமிழர் ஒருவரும் இருக்கிறார். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சேர் சி.வி. இராமன் 1921இல் இங்கிலாந்திலிருந்து ‘நர்குண்டா’ என்ற கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் மனதைப் பற்றிக்கொண்டது. கடலின் நீலம் வானத்தின் நீலம் தெறிப்பதுதான் என்று பேரறிஞர் ரேலி சொல்லியிருந்த காலம் அது. இராமன் கையில் ஒரு நிக்கல் அரியம் இருந்தது. அன்றைய போலரைசிங் பில்டர் என்று அதைச் சொல்லலாம். கடற்பரப்பில் தெறித்த வான ஒளியை அதன் மூலம் விலக்கிவிட்டுப் பார்த்தார். வானம் மறைந்தது, நீலம் மறையவில்லை. மாறாக இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. ஆகவே நீலத்துக்குக் காரணம் நீரினுள்ளேயே இருக்கிறது என்று அவர் தெளிந்தார். அந்தச் சிந்தனை தொடர்ந்து சென்றதன் விளைவே 1928இல் கண்ட இராமன் விளைவும், 1930இல் கிடைத்த நோபல் பரிசும். மேலே தெரிவதை விலக்கி உள்ளே இருப்பதைப் பார்த்த ஒரு பார்வை எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்!

இனி நடைமுறைக்கு வருவோம். வெயில் இருந்தால்தான் இந்தப் பில்டர் பயன்படும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. மேகமூட்டத்திலும் ஈர இலையில் தெறிக்கும் ஒளி முனைவாக்கம் அடையவே செய்கிறது. 1988இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட நமது சிங்கராஜ வனம் போன்ற மழைக்காட்டில், மூடிய வானத்தின் கீழ்தான் இதன் அருமை தெரியும். மெழுகு பூசியது போன்ற இலைகளும் பாசி படர்ந்த பாறைகளும் தம் நிறத்தைத் திரும்பப் பெறும்.

நீல வானத்துக்கு ஒரு விரல் கணக்கு உண்டு. சுட்டுவிரலைச் சூரியன் இருக்கும் திசைக்கு நீட்டுங்கள். பெருவிரலை அதற்குச் செங்குத்தாக விரியுங்கள். சுட்டுவிரலை அசைக்காமல் மணிக்கட்டைச் சுழற்றினால் பெருவிரல் காட்டும் வளையத்தில்தான் வானம் மிகவும் கறுத்துத் தெரியும். காலையிலும் மாலையிலும் அந்த வளையம் வடக்கிலிருந்து தெற்காகத் தலைக்கு மேல் போகும். உச்சி வெயிலில் அடிவானத்தைச் சுற்றி இறங்கிவிடும். ஆனால் ஓர் எச்சரிக்கை: சூரியனை நேரே பார்க்கக் கூடாது. பில்டர் வழியாகவும் பார்க்கக் கூடாது. இந்தக் கண்ணாடி சூரியனிடமிருந்து கண்ணைக் காக்காது. பிள்ளைகளிடம் கொடுக்கும்போது இதை முதலில் சொல்லுங்கள்.

அகன்ற காட்சி பிடிக்கும் லென்ஸில் இதைப் போட்டால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கறுத்து, திட்டுப் போல் விகாரமாகத் தெரியலாம். அப்போது கழற்றிவிடுவதே மேல். பில்டர் வெளிச்சத்தையும் குறைக்கும். மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோதான் உள்ளே போகும். நீர்வீழ்ச்சிக்கு அதுவும் நன்மைதான். 263 மீற்றர் உயரத்திலிருந்து விழும் பம்பரகந்தவின் நீரை நூல் நூலாகக் காட்ட வேண்டுமானால் கெமரா சற்று நீண்ட நேரம் கண் திறந்திருக்க வேண்டும். பில்டர் அதற்கு இடம் கொடுக்கும். ஈரப் பாறையின் பளபளப்பையும் அடக்கும். கெமராவைத் தாங்கியில் வைத்துக்கொள்ளுங்கள். வழுக்குப் பாறையில் மட்டும் கால் வைக்காதீர்கள்.

பில்டர் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடி இருந்தால் அதையே தொலைபேசியின் லென்ஸுக்கு முன் பிடித்துச் சுழற்றலாம். அது உண்மையானதா என்று அறிய, கல்குலேட்டரின் திரைக்கு மேல் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு நிலையில் திரை இருண்டுவிட்டால் உண்மையானது. எப்படித் திருப்பினாலும் ஒரே மாதிரி இருந்தால் வெறும் சாயக் கண்ணாடி.

இரத்தினபுரி மாவட்டத்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. மாணிக்க வியாபாரிகள் பயன்படுத்தும் போலரிஸ்கோப் என்ற சிறு கருவியில் இத்தகைய இரண்டு பில்டர்கள் குறுக்காக வைக்கப்பட்டிருக்கும். நடுவில் நீலக்கல்லை வைத்துச் சுழற்றினால் வெளிச்சமும் இருளும் மாறி மாறி வரும். நிறக் கண்ணாடித் துண்டை வைத்தால் பெரும்பாலும் இருளாகவே நிற்கும். ஆய்வுகூடத்தில் உருவாக்கிய நீலக்கல்லும் இயற்கைக் கல்லைப் போலவே நடந்துகொள்ளும் என்பதால் இந்த ஒரு சோதனை போதாது. ஆயினும் கண்ணாடியை நீலம் என்று விற்க வருபவனின் பொய்யை வெளிப்படுத்த இது போதும்.

இங்கேதான் என் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி வருகிறது. “ஹஸரத், இருக்கிற பளபளப்பை இல்லாமல் காட்டுவதும் ஒரு பொய்தானே?” என்றார் அவர். நல்ல கேள்வி. பில்டர் எதையும் கூட்டுவதில்லை. வரும் ஒளியில் ஒரு பகுதியைத் தடுக்கிறது, அவ்வளவுதான். படத்தில் தெரியும் கல் ஓடையில் இருந்த கல். மீன் அங்கே நீந்திய மீன். கணினியில் பிறகு எவ்வளவு முயன்றாலும், பளபளப்பு முற்றாக மறைத்துவிட்ட அந்தக் கல்லை மீட்க முடியாது. இன்றைய செயற்கை நுண்ணறிவு அழகான ஒரு கல்லை வரைந்து வைக்கும். ஆனால் அது அந்த ஓடையின் கல்லல்ல. காணாததைக் கண்டதாகச் சொல்வது அதுதான்.

ஆனாலும் பில்டரைச் சுழற்றும் கைக்கு ஒரு பொறுப்பு உண்டு. அதே கண்ணாடியை வேறு பக்கம் திருப்பினால் தெறிப்பு மேலோங்கி நிற்கும். மாலையில் சமனலவெவ நீர்த்தேக்கத்தில் மலையின் நிழல் படிந்திருக்கும்போது, அந்த நிழலே படத்தின் உயிர். அதை அழிப்பது ரசனையற்ற செயல். வானவில்லின் ஒளியும் முனைவாக்கம் அடைந்தது என்பதால், ஒரு பக்கம் திருப்பினால் துலங்கும், மறுபக்கம் திருப்பினால் காணாமலே போய்விடும். இவையெல்லாம் ரசனைக்கு உரியவை. விருப்பம் போல் செய்யலாம்.

ஆனால் மாணிக்கக் குழிகளின் சேறு கலந்து கலங்கி ஓடும் ஓர் ஆற்றை நினைத்துப் பாருங்கள். தாழ்ந்த கோணத்தில், வானம் தெறிக்கும்படி படம் எடுத்தால் அந்த ஆறு நீலமாக, பளிங்கு போலத் தெரியும். பார்ப்பவர் ‘என்ன அழகு!’ என்பார். பளபளப்பை விலக்கி எடுத்தால் செம்மண் நிறச் சேறு தெரியும். கீழ்க்கரையில் அதே நீரில் துணி துவைக்கும் தாய்மாருக்கும், அதில் குளிக்கும் பிள்ளைகளுக்கும் எந்தப் படம் உதவும்? அந்த ஆற்றைப் பற்றி முறையிட ஒருவர் படம் எடுத்துக்கொண்டு போனால் அது வெறும் அழகுப் படமல்ல, சாட்சியம். சாட்சி சொல்பவர் தெரிந்ததை மறைக்கக் கூடாது என்பது நாம் எல்லோரும் அறிந்த ஒழுங்கு. வாயால் சொன்னாலும் கெமராவால் சொன்னாலும் ஒழுங்கு ஒன்றுதான்.

ஆகவே கெமரா வைத்திருக்கும் இளைஞர்களே, யுவதிகளே! ஊரில் உள்ள ஓடையை, குளத்தை, தேயிலை மலையை இரண்டு விதமாகவும் எடுத்துப் பாருங்கள். ஒன்று பளபளப்போடு, மற்றது பளபளப்பை விலக்கி. இரண்டையும் வீட்டாரோடு அமர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். எது அழகு என்பதில் உங்களுக்குள் கருத்து வேறுபாடு வரலாம்; வரட்டும். எது உண்மையைக் காட்டுகிறது என்ற கேள்விக்கு மட்டும் விடை தெரியாமல் படத்தை எவருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.